கத்தரிக்கோலும் கர்த்தரும்

உண்டியலில் விழுந்த பணம் உண்டியலுக்கே சொந்தம். உலகத்து மதங்கள் எல்லாம் சண்டை சச்சரவு இல்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே கோட்பாடு இதுவாகத்தான் இருக்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு கி.பி. 144-இல் ரோமாபுரியில் நடந்தது. மார்சியோன் என்ற கப்பல் முதலாளி சபையில் சேர்ந்த புதிதில் 2,00,000 செஸ்டர்ஸ் காணிக்கை கொடுத்திருந்தார். அன்றைய ரோமப் படையில் சாதாரணச் சிப்பாயின் வருடச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். அந்தச் சிப்பாய் ஒரு காசு செலவழிக்காமல், நடுவில் செத்துத் தொலையாமல், கிட்டத்தட்ட 167 வருடம் ஈட்டி பிடித்தால் சேரக்கூடிய தொகை அது. சபை மூப்பர்கள் அதை அப்படியே எண்ணிக் கையில் கொடுத்து, கையோடு வாசலையும் காட்டினார்கள்.

மனுஷன் அப்படி என்ன செய்துவிட்டார்? வேதத்தைப் படித்தார். அதுவும் கணக்குப்பிள்ளை சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பது போல, விரல் வைத்து, வரிவரியாகப் படித்தார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

மார்சியோனுக்குச் சொந்த ஊர் கருங்கடலின் தென்கரையில் இருந்த சினோப்பே. இன்றைய துருக்கியில் இருக்கிறது. கடவுள் எப்படிப்பட்டவர் என்ற விஷயத்தில் அவர் முதலிலேயே முடிவெடுத்துவிட்டார். கடவுள் நல்லவர். ஏதோ ஓரளவுக்கு நல்லவர் என்பதில்லை. கோபப்படத் தெரியாத, தண்டிக்கத் தெரியாத, கலப்படமே இல்லாத நல்லவர். பவுலின் நிருபங்களைப் படித்து அவர் பிடித்துக்கொண்ட எண்ணம் இது. இந்த நல்லவரை மனதில் வைத்துக்கொண்டு பழைய ஏற்பாட்டைத் திறந்தவருக்குத் தலை சுற்றியது.

முதல் தோட்டத்திலேயே தகராறு. படைத்த மனிதன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் எங்கே இருக்கிறாய் என்று கர்த்தர் குரல் கொடுத்துத் தேட வேண்டியிருக்கிறது. எல்லாம் அறிந்தவருக்கு இது தெரியாதா? அடுத்தது எலிசா. தீர்க்கதரிசியின் வழுக்கைத் தலையைப் பார்த்துப் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். அவர் சபிக்கிறார். காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து 42 பிள்ளைகளைக் கிழித்துப் போடுகின்றன. வழுக்கைக்காக இந்த அளவுக்கு ரோஷப்பட்டவர் இலக்கியத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்தப் பக்கம் இயேசுவோ குழந்தைகள் தன்னிடம் வருவதைத் தடுக்காதே என்கிறார். மோசே கையை விரித்து நின்றால் அமலேக்கியர் சாகிறார்கள். இயேசு கையை விரித்தால் சாவது அவரே. பொழுது சாய்வதற்குள் கோபத்தை விட்டுவிடச் சொல்கிறார் பவுல். யோசுவாவோ எதிரிகளை வெட்டி முடிக்கும் வரை பொழுதையே சாய விடவில்லை.

மார்சியோன் இப்படி ஜோடி ஜோடியாக எடுத்து எதிரெதிரே நிறுத்தி ஒரு புத்தகமே போட்டார். கடைசியில் அவர் வந்து சேர்ந்த முடிவு: இது ஒரே ஆள் செய்கிற காரியம் இல்லை. இரண்டு பேர்.

ஒருவர் இந்த உலகத்தைப் படைத்தவர். அவரை மார்சியோன் பிசாசு என்று சொல்லவில்லை. சட்டம் பேசுகிறவர், கண்ணுக்குக் கண் என்று கறாராகக் கணக்குத் தீர்க்கிறவர், கொஞ்சம் முன்கோபி. இன்னொருவர் அதற்கும் மேலே, யாருக்கும் தெரியாமல் இருந்தவர். இந்த உலகத்தில் ஒரு புல்லைக்கூட அவர் உண்டாக்கவில்லை. இங்கே யாரும் அவருக்குப் பிள்ளையோ பேரனோ கிடையாது. ஆனாலும் அடுத்தவர் படைத்த ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்து, இரக்கம் தாங்காமல், மகனை அனுப்பினார். சுத்தமான அந்நியர் செய்த சுத்தமான உபகாரம்.

கதைச் சுருக்கம் அருமைதான். ஆனால் கையிலிருந்த சுவிசேஷம் இதற்கு ஒத்துழைக்க மறுத்தது. மார்சியோன் அதற்கும் வழி கண்டுபிடித்தார். லூக்காவை மட்டும் வைத்துக்கொண்டார். அதிலும் முதல் இரண்டு அத்தியாயங்களைக் காணோம். தேவதூதன் இல்லை, மேய்ப்பர்கள் இல்லை, முன்னணை இல்லை, மரியாளின் பிரசவம் இல்லை. கிறிஸ்துமஸ் மொத்தமும் அம்பேல். திபேரியு ராயனின் பதினைந்தாம் வருஷத்தில் இயேசு வளர்ந்த ஆளாகவே நேரே கப்பர்நகூமில் வந்து இறங்குகிறார். படைத்தவரின் உலகத்தில் ஒரு தாயின் வயிற்றில் கிடந்து பிறந்தால் அந்தப் படைத்தவருக்குக் கடன்பட்டதாகிவிடுமே! பவுலின் நிருபங்களில் பத்தை எடுத்துக்கொண்டார், அவற்றிலும் அங்கங்கே கைவைத்தார். ஏன் கைவைத்தீர்கள் என்று கேட்டால் பதில் தயார்: யூதச் சார்புள்ளவர்கள் பின்னால் சொருகியதை நான் எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். தனக்குப் பிடிக்காத பாட்டெல்லாம் இடைச்செருகல் என்று சொல்லும் பதிப்பாசிரியர்களை நமக்கும் தெரியும். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் இவர். இல்லை, மார்சியோனிடம் இருந்ததுதான் பழைய பிரதி, நம் லூக்காதான் பிற்பாடு ஊதிப் பெருத்தது என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

வெளியே போகச் சொன்னதும் மார்சியோன் அழவில்லை. பணம்தான் திரும்பி வந்துவிட்டதே. தனிச் சபை கண்டார். கப்பல் முதலாளிக்குத் துறைமுகம் துறைமுகமாகக் கிளை திறப்பது எப்படி என்று சொல்லித்தரவா வேண்டும்? சில வருடங்களில் சாம்ராஜ்யம் முழுக்க அவர் ஆட்கள் இருந்தார்கள். ஒருமுறை ஸ்மிர்னாவின் வயோதிக பிஷப் பொலிக்கார்ப்பை எதிரே கண்டு, என்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டாராம். நன்றாகத் தெரிகிறதே, சாத்தானின் தலைப்பிள்ளை அல்லவா என்றாராம் பெரியவர். சுகம் விசாரிப்பு அத்துடன் முடிந்தது.

மார்சியோன் எழுதிய புத்தகம் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அவரைத் திட்டி எழுதியவை மிஞ்சின. அவர் என்ன சொன்னார் என்பதையே நாம் திட்டுகளிலிருந்து பொறுக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆளை மறக்கடிக்க நினைத்தால் அவருக்கு எதிராக ஐந்து பாகம் எழுதக் கூடாது. கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன் எழுதினார். முதல் பிரதி அவசரத்தில் எழுதியது என்று அவரே ஒதுக்கினார். இரண்டாவதைக் கூட இருந்த ஒரு சகோதரர் களவாடி, தப்பும் தவறுமாக ஊரெல்லாம் பரப்பிவிட்டு மதமும் மாறிவிட்டார். மூன்றாவதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. இத்தனை கஷ்டப்பட்டு எழுதியவர் எடுத்த எடுப்பில் எங்கே பாய்கிறார் என்றால், கருங்கடலின் சீதோஷ்ணத்தின் மேல். அந்தச் சீமையில் வெயில் கிடையாது, வருஷம் முழுக்கக் குளிர், ஜனங்களுக்கு வீடு கிடையாது, வண்டியிலேயே குடித்தனம், செத்த தகப்பனை ஆட்டுக்கறியோடு சேர்த்துத் தின்கிறவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போய், இத்தனை கேட்டிலும் பெரிய கேடு மார்சியோன் அங்கே பிறந்ததுதான் என்று முடிக்கிறார். சுவிசேஷத்தைக் கடித்துக் குதறிய கருங்கடல் எலி என்பது அவர் வைத்த பட்டப்பெயர். இறையியல் விவாதத்தின் தரம் இப்படி இருந்தது. ஆனால் கோபத்துக்கு நடுவில் உருப்படியான ஒரு கேள்வியும் கேட்டார்: தோட்டத்து வேலியில் பூத்த ஒரு பூவைக்கூடப் படைக்காத உன் நல்ல தேவன் அடுத்தவன் வீட்டில் புகுந்து அவன் அடிமைகளைக் கிளப்பிக்கொண்டு போவது எந்த ஊர் நல்லதனம்? தெர்த்துல்லியனின் கடவுள் ஒரு நீதிபதி. தண்டிக்கத் தெரியாத நீதிபதியைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. இந்தப் புத்தகத்தை எழுதும் காலத்திலேயே அவர் மொந்தானிஸ்டுகள் என்ற இன்னொரு சர்ச்சைக்குரிய கூட்டத்தின் பக்கம் சாய்ந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோமைக் கேட்டால் திட்டியவரும் வேறு மாதிரி ஆசாமிதான்.

மார்சியோன் சபையில் கல்யாணம் கிடையாது. படைத்தவருக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்து ஆள் சேர்ப்பானேன்? ஞானஸ்நானம் வேண்டுமானால் தாம்பத்தியத்தை விட வேண்டும். ஆகவே பிறந்து வந்த உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் பேசிப் பிடித்து வந்தவர்கள். அப்படியும் பல நூற்றாண்டுகள் ஓட்டினார்கள். தமஸ்குவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 318-319-ஐச் சேர்ந்த மார்சியோன் சபைக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் சிரியாவில் பிஷப்பாக இருந்த தெயதோரெத், தான் சந்தித்த ஒரு 90 வயது மார்சியோனியரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கிழவர் காலையில் எழுந்ததும் தன் எச்சிலிலேயே முகம் கழுவிக்கொள்வாராம். தண்ணீர் படைத்தவர் உண்டாக்கியது, அவர் சரக்கு எனக்கு வேண்டாம் என்பது காரணம். சோறு தண்ணீர் இல்லாமல் தீராது, அது என்ன செய்வது என்று வெட்கப்பட்டாராம். எச்சில் மட்டும் யார் கம்பெனி சரக்கு என்று பிஷப் கேட்டாரா தெரியவில்லை.

பெரிய சபைக்கும் உள்ளூரச் சங்கடம் இருந்தது. மார்சியோனைத் துரத்தியாயிற்று, கரடிகளைத் துரத்த முடியவில்லையே. அந்தக் கதைகள் புத்தகத்தில்தானே இருக்கின்றன? கத்தரிக்கோல் எடுக்காமலே கரடியை அடக்கும் வித்தையை அலெக்சாந்திரியாவின் ஓரிஜன் செய்து காட்டினார். அவருடைய கடவுள் கல்விமான்களின் கடவுள். கோபம், பொறாமை, மனம் மாறுதல் எதுவும் இல்லாதவர். அப்படிப்பட்டவரைப் பற்றி வேதம் ஏடாகூடமாக ஏதாவது சொன்னால் அது வேறு எதையோ சொல்கிறது என்று அர்த்தம். கடவுள் குடியானவனைப் போல உட்கார்ந்து தோட்டம் போட்டார் என்று எந்த மூடன் நம்புவான் என்று கேட்டார். யோசுவா கானானியரை வெட்டுவதா? அது மனிதன் தன் பாவங்களை வெட்டுவது. ரத்தம் சிந்தும் அத்தியாயங்கள் எல்லாம் ஆத்ம சோதனையாகி, கரடியும் சாதுவாகிவிட்டது.

ஆனால் அதே ஓரிஜன், பரலோக ராஜ்யத்துக்காகத் தங்களை அண்ணகர்களாக்கிக்கொண்டவர்களைப் பற்றி மத்தேயுவில் வரும் வசனத்தை மட்டும் அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டு, இளமையில் தன் மேலேயே கத்தியை வைத்துவிட்டார் என்று சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியஸ் சொல்கிறார். நம்ப மறுக்கும் அறிஞர்கள் பலர். உண்மையானால் பரிதாபம்தான். மொத்த வேதத்திலும் உருவகமாக எடுத்துக்கொண்டே தீர வேண்டிய இடத்தில் ஆசாமி நேர்ப்பொருள் கொண்டுவிட்டார்.

மார்சியோனுக்கு நவீன காலத்தில் ஒரு பெரிய ரசிகர் கிடைத்தார். ஜெர்மனியின் அடால்ஃப் ஹார்நாக். 1920-களின் தொடக்கத்தில் மார்சியோனைப் பற்றித் தடித்த புத்தகம் எழுதி, பழைய ஏற்பாட்டை இன்னும் புராட்டஸ்டன்டுகள் கட்டிக்கொண்டு அழுவது சபைக்கு வந்த முடக்குவாதம் என்றார். படிப்பாளியின் கருத்து, படிப்பறையிலேயே இருந்திருந்தால் தேவலை. 1939-இல் ஐசனாக் நகரத்தில் சில இறையியல் பேராசிரியர்கள் ஜெர்மன் சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை ஆராய்ந்து அகற்றும் நிறுவனம் என்று பலகை மாட்டினார்கள். யூத வாடை நீக்கிய புதிய ஏற்பாடு ஒன்றைப் போட்டார்கள். பாட்டுப் புத்தகத்திலிருந்து அல்லேலூயாவைக் கூடக் களை எடுத்தார்கள். அங்கே தலைமை வகித்த வால்டர் குருண்ட்மன், இயேசு யூதரே இல்லை என்று நிரூபிக்க ஒரு புத்தகம் எழுதினார். மார்சியோன் இயேசுவுக்குப் பிறப்பே இல்லை என்றார். இவர்கள் போலிப் பிறப்புச் சான்றிதழ் தயாரித்துக் கொடுத்தார்கள். சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்த வேண்டிய பக்கம் இது.

அதைவிடச் சுத்தமாக வெட்டிய புத்தகம் ஒன்று 1807-இல் லண்டனில் அச்சாகியிருந்தது. தலைப்பிலேயே ஒளிவுமறைவு இல்லை: மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்கென்று தெரிந்தெடுத்த வேதாகமப் பகுதிகள். முழு பைபிளில் 1,189 அத்தியாயங்கள். இதில் 232. அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு எகிப்தில் எஜமானுக்கு உண்மையாக உழைத்து முன்னுக்கு வருகிறார், அது இருக்கிறது. மோசே பார்வோன் முன்னால் போய் என் ஜனங்களை விடு என்று நிற்கிறாரே, அது இல்லை. பத்து வாதைகள் இல்லை, செங்கடல் பிளக்கவில்லை. எகிப்தில் இருந்தவர்கள் எப்படியோ சீனாய் மலையடிவாரத்தில் நிற்கிறார்கள். டிக்கெட் யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று வாசகன் கேட்கக் கூடாது. அடிமைகள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் நிருபம் பத்திரமாக இருக்கிறது. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் பேதமில்லை என்ற கலாத்தியர் வரியைக் காணோம். சங்கீதம் இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் இல்லை. பாபிலோன் விழுகிற கதை கரும்புத் தோட்டத்துக்கு ஆகாது. பக்கத்திலேயே ஹெய்ட்டியில் அடிமைகள் எழுந்து, வெள்ளைக்காரரை விரட்டி, 1804-இல் தனி நாடே அறிவித்துவிட்டார்கள். தோட்ட முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்த சமயம்.

இதன் பின்னால் இருந்தவர்களைக் கொடூரர்கள் என்று ஒரே வீச்சில் சொல்லவும் முடியவில்லை. இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோன மிஷனை நடத்திய லண்டன் பிஷப் போர்ட்டியஸ் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பிரசங்கம் செய்தவர். முழு வேதத்தைக் கொண்டுபோனால் தோட்டத்து கேட்டையே தாண்ட முடியாது என்ற நடைமுறை ஞானமும் இதில் உண்டு. பத்தில் எட்டுப் பங்கைக் கழித்தபின் மிச்சமிருந்த கடவுள், காலையில் மணி அடித்து ஆளெண்ணும் கங்காணியைப் போலவே இருந்தார். கங்காணியின் மதத்துக்கு எந்த முதலாளி தடை சொல்வார்?

இப்போது அட்லாண்டிக்கின் அந்தக் கரைக்குப் போவோம். அங்கே ஓர் ஆள் சவரக்கத்தி வைத்திருக்கிறார். தாமஸ் ஜெஃபர்சன், அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி. 1800-ஆம் வருடத் தேர்தலில் எதிர்க்கட்சியினர் அவரை நாஸ்திகர் என்று ஊர் ஊராகத் தூற்றினார்கள். அவர் ஜெயித்ததும் நியூ இங்கிலாந்துப் பக்கம் பக்திமான்கள் சிலர் பைபிளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்து ஒளித்து வைத்ததாகக் கதை உண்டு. பயம் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. 1804-இல் ஜனாதிபதி மாளிகையில், அன்றாடக் கடிதங்களைப் படித்து முடித்த ராத்திரிகளில், அவர் பைபிளை வெட்டிக்கொண்டுதான் இருந்தார். தன்னுடைய பிரதியை மட்டும், அது வேறு விஷயம்.

அந்த முதல் வெட்டில் திருப்தி இல்லை. 1820 வாக்கில், 77 வயதில், மொன்டிசெல்லோ வீட்டில் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தார். இம்முறை கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என நாலு மொழி, பக்கம் பக்கமாக ஒட்டு. ஒரு தாளில் முன்பக்கம் வெட்டினால் பின்பக்கம் போய்விடும் அல்லவா? அதனால் நாலு மொழிக்கும் சேர்த்து மூன்று பதிப்புகளில் இரண்டிரண்டு பிரதி வாங்கிப் போட்டு மொத்தம் ஆறு புத்தகங்களைப் பலி கொடுத்தார். காரியத்தில் அவ்வளவு நேர்த்தி. இயேசுவின் பேச்சு வைரம், சுற்றியிருப்பது சாணிக் குவியல், பிரித்தெடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை என்பது அவர் சித்தாந்தம்.

ஜெஃபர்சனின் கடவுள் ஒழுங்கான பொறியாளர். உலகத்தை விதிகளோடு செய்து முடுக்கிவிட்டார், அது ஓடுகிறது. தான் போட்ட விதியைத் தானே மீறித் தண்ணீரின் மேல் ஆளை நடக்க விடுவது அவருடைய தொழிலுக்குக் கேவலம். ஆகவே அற்புதங்கள் வெட்டு. தேவதூதர்கள் வெட்டு. பிசாசு பிடித்தவர்கள் வெட்டு. மலைப்பிரசங்கம் ஏறக்குறைய முழுசாகப் பிழைத்தது, உவமைகள் பிழைத்தன. வெட்டியதில் சில இடங்களில் விபரீதமும் நடந்தது. யோவான் சுவிசேஷத்தில் பிறவிக் குருடன் ஒருவன் வருகிறானே, சீஷர்கள் இது யார் செய்த பாவம் என்று கேட்பார்கள், இயேசு யார் பாவமும் இல்லை, தேவனுடைய கிரியை இவனிடம் வெளிப்படத்தான் என்பார். அதுவரை ஜெஃபர்சன் ஒட்டியிருக்கிறார். அடுத்து கண் திறக்க வேண்டும். அது அற்புதம். சவரக்கத்தி! அடுத்த வரியில் இயேசு ஆட்டுத் தொழுவத்தைப் பற்றிப் பேசக் கிளம்பிவிடுகிறார். கிரியை வெளிப்படும் என்று சொல்லி நிறுத்தி வைத்த அந்தக் குருடன் ஜெஃபர்சனின் பைபிளில் இன்னும் தெருவிலேயே நின்றுகொண்டிருக்கிறான். கதை முடிவும் அப்படித்தான். சரீரத்தைக் கல்லறையில் வைக்கிறார்கள், பெரிய கல்லைப் புரட்டி மூடுகிறார்கள், போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை.

தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த மனிதர், மற்றவர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறாயோ அதை நீ அவர்களுக்குச் செய் என்ற பகுதியை நாலு மொழியிலும் பிசிறில்லாமல் வெட்டி ஒட்டி வைத்திருந்தார். அந்த வைரம் அவர் கையை அறுத்ததாகத் தகவல் இல்லை.

இந்தப் புத்தகத்தை அவர் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. தேர்தலில் வாங்கிய அடி ஞாபகம் இருக்குமே. வீட்டாருக்கே அவர் போன பிறகுதான் தெரிந்தது. 1895-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அவருடைய கொள்ளுப்பேத்தியிடமிருந்து 400 டாலருக்கு வாங்கியது. 1904-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அரசாங்கச் செலவில் 9,000 பிரதிகள் அச்சடித்தது. பல பத்தாண்டுகள் வரை புதிதாக வந்த செனட்டர்களுக்கு அன்பளிப்பாகவும் கொடுத்தார்கள். நாஸ்திகன் என்று தூற்றக் காரணமான அதே எண்ணங்கள், எம்.பி.க்களுக்குப் பொன்னாடை மாதிரி போர்த்தப்பட்டன.

ஜெஃபர்சன் பசை தடவிக்கொண்டிருந்த அதே 1820-இல், கல்கத்தாவில் இன்னொருவர் ஏறக்குறைய அதே காரியத்தைப் பகிரங்கமாகவே செய்தார். ஒருவருக்கொருவர் தெரியாது. ராஜா ராம்மோகன் ராய், வங்காளத்துப் பிராமணர், பாரசீகமும் அரபியும் சமஸ்கிருதமும் கரைத்துக் குடித்தவர். சுவிசேஷங்களிலிருந்து இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து, அற்புதங்களையும் தத்துவச் சிக்கல்களையும் ஒதுக்கிவிட்டு ஒரு புத்தகம் போட்டார். போட்ட இடம்தான் வேடிக்கை: பாப்டிஸ்டு மிஷன் அச்சகம். பிரசுரித்துக் கொடுத்தவர்கள் பாதிரிமார்.

அற்புதங்களை ஜெஃபர்சன் ஏன் வெட்டினார் என்றால், அவை நடக்க முடியாதவை. ராய் ஏன் வெட்டினார் என்றால், அவை போதாது. இந்த ஜனங்களிடம் போய்த் தண்ணீரைத் திராட்சரசமாக்கினார் என்று சொன்னால் யார் மதிப்பார்கள், இவர்களிடம் சமுத்திரத்தையே குடித்த அகத்தியர் இருக்கிறாரே என்று கேட்டார். நம் பொதியமலைக்காரர் கல்கத்தாவில் கிறிஸ்தவ இறையியல் விவாதத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். ராயின் கடவுள் உருவமில்லாதவர், ஒருவரே, இரண்டுக்கோ மூன்றுக்கோ இடமில்லை. அந்தக் கடவுளை உபநிஷதத்திலும் கண்டார், குர்ஆனிலும் கண்டார், பைபிளைத் திறந்தால் அதிலும் அவரே உட்கார்ந்திருந்தார். சொந்த ஊரின் முப்பத்து முக்கோடி தேவர்களிடமிருந்து தப்பி ஓடி வந்தவரிடம் போய் மூன்று என்று ஆரம்பித்தால் எப்படி?

சேராம்பூர் பாப்டிஸ்டு மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனுக்கு ஆத்திரம். பாவத்துக்குப் பலியானவர் என்பதை எடுத்துவிட்டால் இயேசுவில் என்ன மிச்சம்? நல்ல பழக்க வழக்கங்களைச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்தானே? மார்ஷ்மனின் கடவுள் கடன் வசூலிக்காமல் விடாதவர். ரத்தம் சிந்தியே தீர வேண்டும். பத்திரிகையில் வெளுத்தார்கள். நீ ஒரு அஞ்ஞானி என்ற தொனியும் வந்தது. ராய்க்கு அது சுருக்கென்றது. முறையீடு எழுதினார். மார்ஷ்மன் பழைய ஏற்பாட்டு மேற்கோள்களை அள்ளி வீசினார். ராய் கிரேக்கமும் எபிரேயமும் படித்துக்கொண்டு வந்து இரண்டாவது முறையீடு எழுதினார். பாதிரியாருக்குப் பிராமணர் எபிரேயப் பாடம் எடுக்கும் காட்சியைக் கல்கத்தா கைதட்டிப் பார்த்தது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு போனபோது மிஷன் அச்சகம் முடியாது என்று கையை விரித்துவிட்டது. ராய் சளைக்கவில்லை. எழுத்து வாங்கி, அச்சகம் வைத்து, 1823-இல் தானே அடித்தார்.

கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப் மிடில்டன் வேறு ஒரு கூத்து அடித்தார். ராய் சீக்கிரமே கிறிஸ்தவராகிவிடுவார் என்று நம்பி, மதம் மாறினால் இங்கிலாந்து வரை எவ்வளவு பெயரும் புகழும் கிடைக்கும் என்று விளக்கினாராம். கடவுளைத் தேடி வந்தவரிடம் பட்டம் பதவிக் கணக்கு! ராய் அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இப்படி ஒரே கடவுள் என்று பைபிளைப் படித்தவர்களில் ராய் முதல் இந்தியரும் அல்ல. வேலைக்காரராக இங்கிலாந்து போய், அங்கே திரித்துவத்தை மறுக்கும் யூனிடேரியன்களின் புத்தகங்களைப் படித்துத் திரும்பிய வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர், 1795-இலேயே சென்னையில் அந்தச் சபையை ஆரம்பித்துவிட்டார். 1813-இல் புரசைவாக்கத்தில் ஆலயமும் எழுந்தது. ராஜா பட்டம் இல்லாததால் அவரோடு சண்டை போட மார்ஷ்மன் யாரும் வரவில்லை.

சேராம்பூர்க்காரர்களுக்கு உண்மையான அடி உள்ளே இருந்துதான் விழுந்தது. சுவிசேஷத்தை வங்காளியில் திருத்தி மொழிபெயர்க்க ராய் உதவிக்கு வந்தபோது கூட உட்கார்ந்தவர் ஒரு இளம் பாப்டிஸ்டு மிஷனரி. பிராமணரைக் கிறிஸ்தவராக்குவது திட்டம். வரிக்கு வரி விவாதம் நடந்தது. 1821-இல் மிஷனரி எழுந்து, எனக்கு இனித் திரித்துவத்தில் நம்பிக்கை இல்லை, ராய் சொல்வதே சரி என்று அறிவித்தார். அவருடைய பெயர் வில்லியம் ஆதாம். கல்கத்தா வெள்ளைக்காரர்கள் விடுவார்களா? ஆதாமின் இரண்டாம் வீழ்ச்சி என்று சிரித்தார்கள்.

ஆதாம் யூனிடேரியன் சபை நடத்திப் பார்த்தார். ராயும் நண்பர்களும் கொஞ்ச நாள் வந்தார்கள். 1828-இல் அவர்கள் சொந்தமாகப் பிரம்ம சபை கண்டதும் ஆதாமின் பெஞ்சுகள் காலி. பிறகு 1830-களில் அரசாங்கம் அவருக்கு வேறு வேலை கொடுத்தது. வங்காளத்து நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். வங்காளம், பீகார் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 1,00,000 கிராமப் பள்ளிகள் இருக்கலாம் என்று எழுதி வைத்தார். ஐம்பது, நூறு வருடங்களுக்கு முன்பு இந்தியா இன்னும் படித்திருந்தது என்று 1931-இல் லண்டனில் காந்தி பேசியபோது இந்த அறிக்கையும் சாட்சிக்கு வந்தது. அங்கே இருந்த கல்வியாளர் சர் ஃபிலிப் ஹார்டாக் சுத்தமாக நம்ப மறுத்து, வருடக்கணக்கில் கடிதம் எழுதிச் சண்டை போட்டார். இரண்டு தரப்பும் புரட்டியது அதே ஆதாமின் அதே பக்கங்களைத்தான்.